நடுங்காத கை

அறக்கட்டளையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட நாலு வயது மூத்த இயக்குநரே அக்கா என்றுதான் கூப்பிடுவார். பார்க்கின்சன் நோய்க்குப் புது மருந்து தேடும் ஆராய்ச்சிகளுக்குப் பணம் கொடுப்பது அறக்கட்டளையின் வேலை. அந்தப் பணத்தை ஊரெல்லாம் கையேந்திக் கொண்டுவருவது அக்காவின் வேலை. ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அவள் போனில் யாராவது பணக்காரரிடம் குழைந்து குழைந்து பேசி, அவரும் கொஞ்சம் இளகி வரும் நேரம் பார்த்துக் கீழே பல்லைக் குடைகிற சத்தம் கிளம்பும். "மேடம், ஏதோ வேலை நடக்குது போல, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுவார்கள். அப்புறம் என்பது வரவே வராது.

அந்த வருடம் அவள் தலையில் விழுந்தது ஒரு பழைய மாத்திரை. தோல் வியாதிக்கு என்று ரொம்ப காலமாகக் கடைகளில் கிடைக்கிற மாத்திரைதான். அது மூளையில் செத்துக்கொண்டிருக்கும் செல்களைக் கொஞ்சம் காப்பாற்றுகிற மாதிரி இருக்கிறது என்று பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு பெண் விஞ்ஞானி கண்டுபிடித்திருந்தார். அக்கா அவரை டாக்டரம்மா என்பாள். எலிகளிடம் சோதித்துப் பார்த்தாயிற்று. சில மனிதர்களுக்குக் கொடுத்து ஆபத்தில்லை என்றும் பார்த்தாயிற்று. அடுத்தது பெரிய சோதனை. நோய் புதிதாக வந்த சில நூறு பேரில் பாதிப் பேருக்கு மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. இரண்டு வருடம். யாருக்கு எது போனது என்பது கடைசி நாள் வரை கொடுக்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. பணத்துக்கு எங்கே போவது?

மருந்துக் கம்பெனிக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். மாத்திரையின் காப்புரிமை எப்போதோ முடிந்துபோனது. யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். ஒரு அட்டை ஒரு டீ விலைக்குக் கிடைக்கும். அது பார்க்கின்சனையே விரட்டி அடித்தாலும் ஒருவருக்கும் லாபம் இல்லை. ஒரு கம்பெனியின் மேலாளர் இதை அக்காவுக்குக் காபி வாங்கிக் கொடுத்துப் பொறுமையாக விளக்கினார். மாத்திரை கொஞ்சம் விலை கூடியதாக இருந்திருந்தால் தாங்களே சந்தோஷமாகச் செய்திருப்போம் என்றும் சொன்னார். அக்கா அந்தக் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அரசாங்கத்துக்கு அனுப்பிய விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது. எப்போது கேட்டாலும் பரிசீலனையில்தான் இருந்தது.

இப்படியிருக்க, விளம்பரக்காரர் ஒருவரை இயக்குநர் பிடித்துக்கொண்டு வந்தார். கூலி வேண்டாம், ஒரு வீடியோ எடுத்துத் தருகிறேன், ஆனால் நோய்க்கு ஒரு முகம் வேண்டும் என்றார் அவர். முகம் அக்காவின் வீட்டிலேயே இருந்தது. அவளுடைய தம்பி.

தம்பி லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அக்காவின் கணவர் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அவனுக்கு நோய் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. வேலை போய்விட்டது. ஆனால் அவன் நோயில் ஒரு கோளாறு. நடுக்கம் கிடையாது. பார்க்கின்சன் வந்தவர்களில் இப்படிச் சிலர் உண்டு. உடம்பு இறுகிப்போகும், நடை சுருங்கிப்போகும், குரல் உள்ளே போய்விடும், முகத்தில் ஒன்றும் தெரியாது. சந்தோஷமாக இருந்தாலும் உம்மென்றுதான் இருப்பான். கடைக்காரர்கள் திமிர் பிடித்தவன் என்று நினைத்தார்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் குடித்திருக்கிறான் என்று நினைத்தார்கள். சொந்தக்காரர்களோ வருகிறவர் போகிறவர் எல்லாம் அவன் கையை உற்றுப் பார்த்துவிட்டு, நடுக்கமே இல்லையே, வேறு டாக்டரைப் பார்த்தால் என்ன என்று அக்காவிடம் ரகசியமாகக் கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது.

விளம்பரக்காரருக்கும் அதே பிரச்சினைதான். வீட்டுக் கூடத்தில் விளக்கையெல்லாம் நட்டு, தம்பியை நாற்காலியில் உட்கார வைத்து, கொஞ்ச நேரம் எடுத்துப் பார்த்துவிட்டு அக்காவைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார். சார் கோபமாக இருக்கிறாரா என்று கேட்டார். அது அவன் முகம் என்றாள் அக்கா. கை கொஞ்சமாவது நடுங்காதா என்றார். நடுங்காது. தினமும் போடுகிற மாத்திரையை ஒரு நேரம் போடாமல் இருந்தால்?

"கல்லு மாதிரி உக்காந்திருப்பான்" என்றாள் அக்கா.

"கல்லுக்கு யாரு மேடம் காசு குடுப்பாங்க?"

கூடத்திலிருந்து தம்பியின் அமுங்கிய குரல் வந்தது. "சிலையா இருந்தா குடுப்பாங்க."

பிறகு அவனே சொன்னான், நடுங்க வேண்டும் அவ்வளவுதானே, நான் நடுங்குகிறேன் என்று. வாரம் இரண்டு நாள் அவன் போகும் உடற்பயிற்சி வகுப்பில் ஒரு தையல்காரர் இருந்தார். நல்ல நடுக்கம் அவருக்கு. தம்பி அவரை அச்சு அசலாகப் பிடித்தான். தண்ணீர் டம்ளரை எடுத்தான், வாய்க்குக் கொண்டுபோவதற்குள் சட்டையெல்லாம் நனைந்தது. முகத்தில் ஒன்றும் தெரியாததால் பார்க்கிறவர் நெஞ்சு இன்னும் வலித்தது. விளம்பரக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா அப்போதே போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் ஆய்வகத்தின் கையிருப்பு அடுத்த மாதத்தோடு தீர்ந்துவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் வாயில் வந்தது வேறு: "இன்னொரு தடவ எடுத்துடலாம். தண்ணி மட்டும் கொஞ்சம் கம்மியா ஊத்திக்கோ. சளி பிடிச்சுக்கும்."

அன்று சாயங்காலமே வீடியோ பத்துப் பதினைந்து பெரிய மனிதர்களுக்குப் போய்விட்டது. மறுநாள் டாக்டரம்மா பார்த்துவிட்டு அக்காவை ஆய்வகத்துக்கு வரச்சொன்னார்.

ஆய்வகம் என்றால் ஏதோ சினிமாவில் வருவது போல இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நீளமான ஒரு அறை, உறுமிக்கொண்டிருக்கும் மூன்று குளிர்பெட்டிகள், அதில் ஒன்றின் கதவு சரியாக மூடாமல் ஒட்டுநாடா போட்டு இழுத்துக் கட்டியிருந்தது. டாக்டரம்மா மெலிந்த, எப்போதும் ஸ்வெட்டர் போட்டிருக்கும் பெண்மணி. நல்லவர், கெட்டிக்காரர். ஆனால் அவரிடமிருந்து நேரான ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். போன மாதம்தான் அறக்கட்டளையின் துண்டுப் பிரசுரத்தில் 'நோயைக் குணமாக்கும்' என்பதை அடித்துவிட்டு, 'நோய் முற்றும் வேகத்தைக் குறைக்கக்கூடுமா என்று அறிய முயலும்' என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு எவன் பையில் கைவிடுவான் என்று அக்கா அன்றே தலையில் அடித்துக்கொண்டாள்.

"இது அவரோட நோயே இல்லையே" என்றார் டாக்டரம்மா. "அதுமில்லாம, பெரும்பாலும் சும்மா மடியில கிடக்கற கைதான் நடுங்கும். ஒரு பொருளை எடுத்தா நடுக்கம் குறையும். இவரு டம்ளரை எடுத்ததுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கறாரு."

யாருக்குத் தெரியப்போகிறது என்று அக்கா கேட்டாள். எனக்குத் தெரிகிறதே என்றார் அவர். வீடியோவைத் திரும்பப் பெற வேண்டும், பார்த்தவர்களுக்கெல்லாம் உண்மையைச் சொல்ல வேண்டும், பொய்யில் வந்த பணத்தை வைத்துக்கொண்டு தன்னால் ஆராய்ச்சி செய்ய முடியாது என்றார். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் எவ்வளவோ பொய்க்குப் பணம் கொட்டுகிறது, உண்மையான மருந்துக்கு ஒரு பொட்டுப் பொய் சொன்னால் குடியா முழுகிவிடும் என்று கேட்டுவிட்டாள். டாக்டரம்மா ஒட்டுநாடா விட்டுப்போன குளிர்பெட்டிக் கதவை முழங்காலால் தள்ளிச் சாத்தினார்.

அந்த நேரத்தில்தான் போன் வந்தது. மின்விசிறி செய்யும் பெரிய தொழிற்சாலையின் முதலாளி அலுவலகத்திலிருந்து. ஐயா வீட்டில் அம்மா வீடியோ பார்த்துவிட்டு அழுதுவிட்டார்கள், ஐயா நேரில் பேச விரும்புகிறார், அந்த நோயாளியையும் அழைத்து வாருங்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்று கேள்விப்பட்டிருக்கிறோம், இது தாழியை உடைத்துவிட்டு வெண்ணெயை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது.

"நானும் வரேன்" என்றார் டாக்டரம்மா. "நான் சொல்லிடறேன் அவர்கிட்ட."

"சொல்லுங்க. ஆனா நேரம் பாத்துச் சொல்லுங்க. உள்ள நுழைஞ்சதும் நுழையாததுமா ஆரம்பிச்சுடாதீங்க."

மறுநாள் போனபோது விசிறி முதலாளியின் அறையில் சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகளில் விதவிதமான விசிறிகள் இருந்தன. அறையில் ஓடிக்கொண்டிருந்தது ஏ.சி. முதலாளி அறுபதைத் தாண்டிய, வாட்டசாட்டமான மனிதர். மூவரையும் அன்பாக வரவேற்று, ஆளை விழுங்குகிற மாதிரி ஒரு மெத்தென்ற சோபாவில் உட்காரச் சொன்னார். தம்பி அதில் உட்கார்ந்த பிறகுதான் அக்கா கவனித்தாள். அவ்வளவு தாழ்விலிருந்து அவன் எழுவது கஷ்டம். ஆனால் சொல்வதற்குள் டீ வந்துவிட்டது.

தம்பி கோப்பையை எடுத்தான். மெதுவாக, ரொம்ப மெதுவாக, ஒரு சொட்டுத் தளும்பாமல் வாய்க்குக் கொண்டுபோய்க் குடித்து, அதே மாதிரி கீழே வைத்தான். முதலாளி தன் டீயை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குக் கை பரவால்ல போல?"

டாக்டரம்மா தொண்டையைச் செருமினார். அக்கா முந்திக்கொண்டாள். அவர் ஆரம்பித்தால் எலியிலிருந்து ஆரம்பிப்பார்.

"அவனுக்கு நடுக்கம் கிடையாது சார். வீடியோவுல நடிச்சான். நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன், தடுக்கல."

"அப்ப நோயே இல்லையா?"

"நோய் இருக்கு. நடுக்கம்தான் இல்ல."

முதலாளியின் முகம் மாறியது. தன் மனைவி இரண்டு நாளாக அதையே நினைத்துச் சரியாகச் சாப்பிடவில்லை என்றும், தன்னை இதுவரை சரக்கில் ஏமாற்றியிருக்கிறார்கள், கணக்கில் ஏமாற்றியிருக்கிறார்கள், நோயை வைத்து ஒருவரும் ஏமாற்றியதில்லை என்றும் சொன்னார். பிறகு எழுந்து நின்றுகொண்டார். போகலாம் என்று அர்த்தம். அக்கா எழுந்தாள். டாக்டரம்மா எழுந்தார். தம்பி எழவில்லை.

பேச்சு வளர்ந்ததில் அவன் மாத்திரை நேரம் தாண்டிப்போயிருந்தது. உடம்பு முழுக்க இறுகி, அந்தச் சோபாவுக்குள் புதைந்து, முதலாளியை உம்மென்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். முதலாளிக்கு அது வேறு மாதிரி பட்டது.

"என்ன, பணம் வாங்காம எந்திரிக்க மாட்டேன்னு மறியலா?"

மணியை அழுத்தினார். காவலாளி வந்து தம்பியின் தோளைப் பிடித்து இழுக்கப் போனான். அவ்வளவுதான், அக்காவுக்கு இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

"கைய எடுங்க. அவன் எந்திரிக்க மாட்டேங்கல, எந்திரிக்க முடியல. இதான் சார் நோய். இதைத்தான் முதல்ல படம் எடுத்தோம். பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட்டாங்க. நடுங்கினா அழறீங்க. நடுங்காம உக்காந்திருந்தா வாட்ச்மேனைக் கூப்பிடறீங்க. நான் எதைத்தான் காட்டறது?"

அக்கா பையிலிருந்து மாத்திரையை எடுத்துத் தம்பியின் வாயில் போட்டு, மிச்சமிருந்த டீயைக் கொடுத்தாள். வேலை செய்ய அரை மணியாவது ஆகும் என்றார் டாக்டரம்மா. அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததுபோல ஒரு சங்கடத்தை அக்கா வாழ்க்கையில் பட்டதில்லை. வெளியே போ என்று சொன்னவரால் அனுப்ப முடியவில்லை. போகிறோம் என்று நின்றவர்களால் போக முடியவில்லை. காவலாளி கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். முதலாளி ஏதோ ஃபைலைப் புரட்டினார். கொஞ்ச நேரம் ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டு, தம்பி பக்கம் திரும்பினார்.

"உள்ள எப்படி இருக்கும் உங்களுக்கு? எந்திரிக்கணும்னு நினைக்கறீங்க, ஆனா..."

"நினைக்கறேன். உடம்புக்குப் போய்ச் சேரல."

"எங்க விசிறியில இப்படி வரும். மோட்டர் நல்லா இருக்கும், கரண்ட்டும் வரும், சுத்தாது. கண்டென்சர் போயிருக்கும்."

"கண்டென்சர மாத்திடலாம் சார்" என்றான் தம்பி.

முதலாளி சிரித்துவிட்டார். தம்பி முகத்தில் சிரிப்பு இல்லாததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். அவன் சொன்னது தமாஷ்தான், சிரிக்கலாம் என்று அக்கா விளக்க வேண்டியிருந்தது. அப்புறம் அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். கம்பெனிகள் ஏன் செய்யவில்லை என்று அக்கா சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. லாபம் இல்லாத சரக்கை எவன் தொடுவான், நானும் தொட மாட்டேன் என்றார். இந்த மாத்திரை உங்களுக்குக் கிடைக்குமா என்று தம்பியைக் கேட்டார். கிடைக்காது, நோய் புதிதாக வந்தவர்களைத்தான் சேர்ப்பார்கள், தனக்குக் காலம் கடந்துவிட்டது என்றான்.

"அப்ப எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"அக்கா வரச்சொன்னா."

அவர் டாக்டரம்மாவிடம் திரும்பி, குணமாகுமா என்று ஒரே வார்த்தையில் கேட்டார். அக்கா மனதுக்குள் கெஞ்சினாள். ஒரு 'ஆகலாம்' போதும்.

"தெரியாது" என்றார் டாக்டரம்மா. "தெரிஞ்சா உங்ககிட்ட பணம் கேட்டு வந்திருக்க மாட்டேன்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் முதலாளி கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, கொடுக்கிறேன், ஆனால் என் மனைவிக்கு அந்த வீடியோ உண்மையாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அவள் சொல்லித்தான் கொடுக்கிறேன் என்றார். அக்கா பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் டாக்டரம்மா குறுக்கே வந்தார். அது முடியாது, அந்த அம்மாவுக்குத் தெரியாமல் தான் வாங்க மாட்டேன் என்றார்.

"ஏம்மா, உங்களுக்கு மருந்து கண்டுபிடிக்கறதுல ஆசையே இல்லையா?" என்று கேட்டார் முதலாளி. அக்கா கேட்க நினைத்ததும் அதுதான்.

டாக்டரம்மா அசையவில்லை. முதலாளி அலுத்துக்கொண்டு போனை எடுத்து மனைவியிடம் தானே சொன்னார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்பது அறை முழுக்கக் கேட்டது. நடுங்கவில்லை என்றால் என்ன, எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள், அதற்கு மேல் என்ன வேண்டும், சொன்னபடி கொடுத்துவிட்டு வாருங்கள், அந்தப் பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுத்தீர்களா? முதலாளி போனை வைத்துவிட்டுப் பிஸ்கட் கொண்டுவரச் சொன்னார்.

கடைசியில் ஒரு வருடத்துக்கான பணம் தருவதாக ஒப்புக்கொண்டார். தெரியாத விஷயத்துக்கு இரண்டு வருடம் மொத்தமாகத் தர முடியாது, முதல் வருடம் முடிந்ததும் பாதி முடிவைக் கொண்டுவாருங்கள், நன்றாக இருந்தால் மீதி என்றார். பாதி முடிவு என்று ஒன்று கிடையாது, நடுவில் திறந்து பார்த்தால் சோதனையே கெட்டுவிடும், இரண்டு வருடம் முடிந்தால்தான் ஏதாவது தெரியும் என்று டாக்டரம்மா விளக்க ஆரம்பித்தார். அக்கா யாரும் பார்க்காமல் அவர் காலை மிதித்தாள். அவர் காலை நகர்த்திக்கொண்டு முழுவதையும் விளக்கி முடித்தார். முதலாளி தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, சரி, அந்தப் பாதி முடிவை மட்டும் கொண்டுவந்துவிடுங்கள் என்றார்.

தம்பிக்கு உடம்பு இளகி, இரண்டு பேர் பிடித்துத் தூக்கி, அவர்கள் வெளியே வந்தபோது அக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. டாக்டரம்மா, ஒரு வருடப் பணத்தை வைத்துக்கொண்டு நோயாளிகளைச் சேர்த்துவிட்டு நடுவில் கைவிட நேர்ந்தால் அதைவிடப் பாவம் இல்லை என்று கவலைப்பட்டார். அதை உள்ளேயே சொல்லிப் பணத்தை வேண்டாம் என்று வந்திருக்கலாமே என்று அக்கா வெடித்தாள். அதையும் யோசித்தேன் என்றார் அவர்.

சோதனை ஆரம்பித்தது. முதல் நோயாளிகள் வந்து மாத்திரை வாங்கிப் போனார்கள். அதற்கடுத்த வாரம் அரசாங்கத்திடமிருந்து பரிசீலனையின் முடிவு வந்தது: தங்கள் ஆராய்ச்சிக்குத் தனியாரிடமிருந்து ஏற்கனவே நிதி கிடைத்துவிட்டதால் தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அக்கா அதைப் படித்தாள். கீழே பல் குடைகிற சத்தம் கேட்டது. இன்னொரு முறை படித்தாள். பிறகு இயக்குநர் அறைக்குப் போய், அவர் மேசைமேல் வைத்துவிட்டு, இதற்கு நீங்களே பதில் எழுதுங்கள், நான் எழுதினால் நம்மை உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு மெத்தைக் கம்பெனி முதலாளியைப் பார்க்க வேண்டியிருந்தது. இந்த முறை வீடியோ எதுவும் இல்லை, நேராகத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. நாற்காலியில்தான் உட்காருவேன் என்று அவன் முன்கூட்டியே சொல்லிவிட்டான். அக்கா கிளம்பி, செருப்பு மாட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். மேலே இருந்து மூன்றாவது பொத்தான். துளைக்குப் பக்கத்தில் போய்ப் போய் நழுவியது. அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"கிட்ட வராத" என்றான்.

"நேரமாகுதுடா."

"ஆகட்டும். அவருக்கும் தெரியட்டும்."

மெத்தைக்காரர் பத்து நிமிஷத்துக்கு மேல் காத்திருக்க மாட்டார் என்று அவருடைய உதவியாளர் இரண்டு முறை போன் செய்து சொல்லியிருந்தார். அக்கா செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் உட்கார்ந்து, அந்த உதவியாளரின் நம்பரைத் தேட ஆரம்பித்தாள்.